பூங்காவுக்குள்ள போன ஒரு வாளி தண்ணி

பாப்பாவோட அம்மாவுக்கு, உன் வீட்டுக்காரன் எழுதறது.

நீயும் பாப்பாவும் சுகமா? உங்கப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன், முதல்ல அதை நம்பு.

இங்க ஏதோ பெரிய மாநாடாம். பத்து நாளா எங்க பூங்காவைச் சுத்தி இரும்புத் தடுப்பு போட்டு மூடி வச்சிருந்தாங்க. விருந்தாளிங்க பார்க்கணும்னு மூவாயிரம் பூச்செடி வைக்கச் சொன்னதும் அதிகாரிங்கதான், தண்ணி ஊத்த எங்களை உள்ள விடாததும் அவங்கதான். கண்றாவி! செடி வாடறதைப் பார்க்கப் பொறுக்காம, தோட்டக்காரங்க புகுந்து போக வேலிச்செடியில நாங்களே விட்டு வச்ச சந்து வழியா வாளியோட நுழைஞ்சேன். போலீஸ் பிடிச்சிட்டாங்க. பயப்படாதே, அடி உதை ஒண்ணும் இல்ல. மூணு மணி நேரம் ஸ்டூல்ல உட்கார வச்சு, "வாளியில என்ன?"ன்னு மாத்தி மாத்திக் கேட்டாங்க. "தண்ணிங்க"ன்னேன். மோந்து பார்த்துட்டு, சிமெண்ட் தரையில கொட்டினானுங்க. பக்கத்துலயே செடி இருந்துச்சு.

நேத்து விருந்தாளிங்க வந்தாங்க. கண்ணாடியை ஏத்திவிட்ட கார் வரிசை நிக்காமலே போயிடுச்சு. கருகின செடியை இன்னைக்கு நான்தான் பிடுங்கிப் போட்டேன். த்தூ!

பாப்பா பேசறதைப் பதிவு பண்ணி அனுப்பு. எட்டு பேர் படுக்கற ரூம்தான், போர்வைக்குள்ள வச்சுக் கேட்டுக்கறேன். மேஸ்திரி கூப்பிடறாரு. போன் பண்ணலைன்னு கோவிச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை பூங்காவுல நான் உட்கார்ந்து உன்கிட்ட பேசற பெஞ்சை, பாதுகாப்புன்னு கழட்டிட்டுப் போனவங்க இன்னும் கொண்டுவந்து போடல.