அந்த முகம் உன்னுடையது அல்ல

என் சரசுக்குட்டிக்கு,

உன் திதிக்கு ஜெகதாப்பட்டினம் போயிருந்தேன். அங்கே உன்னைப் பார்த்தேன். இத்தனை வருஷம் செய்தி எழுதியவன், கண்ணால் கண்டதைத்தான் எழுதிப் பழக்கம். இதையும் கண்ணால்தான் கண்டேன்.

உன் கடைசிக்காலப் படத்தைப் பார்க்க உன் மகன் முருகேசனுக்கு மனசில்லை. சின்ன வயசுப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறான். அதன் எதிரில், படையல் இலைக்கு அந்தப்பக்கம், அதே முகம் உட்கார்ந்திருந்தது. உப்பிய கன்னம், கோடாய்ச் சுருங்கிய கண்கள், தடித்த இமை. படத்தில் இருப்பது போலவே தலையை லேசாகச் சாய்த்து.

முருகேசனின் மகள்தான். நீ போன மறுவருஷம் பிறந்தவள். உன் பெயரையே வைத்திருக்கிறார்கள். தன்னைப் பெற்றவள் பெயரைச் சொல்லி அதட்ட வாய் வராமல் அவன் அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுகிறான். பொங்கலுக்குப் பார்த்தபோது ஒல்லியாக, அவள் அம்மா செல்வியின் சாயலில் இருந்தாள். இந்த முகம் ஒரு வாரத்துக்குள் வந்ததாம்.

கூடியிருந்தவர்கள் குரல் தாழ்த்தியே பேசினார்கள். அந்தப் பிள்ளைக்கு எதிரே யாரும் காலை நீட்டி உட்காரவில்லை. உன் நாத்தனார் ராக்காயி கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு அவளிடம் கேட்டாள்.

"யாரு வந்துருக்கது?"

"நாந்தான்."

குழந்தைகள் சொல்லும் பதில்தான். ஆனால் இமைக்காமல் சொன்னாள். ராக்காயி அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். முருகேசன் தேம்பினான். ஒரு கணம் நானும் கையெடுக்கப் போனேன், சரசு.

அப்போதுதான் அவள் முழங்காலுக்குக் கீழே பார்த்தேன். மஞ்சள் அப்பிய சிரங்கு. சில ஆறியும், சில பொருக்குத் தட்டியும்.

அந்தப் படம் எப்போது எடுத்தது என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். சிறுவயதில் மீமிசலில் நமக்கெல்லாம் சிரங்கு வந்துபோன பிறகு உன் முகம் மட்டும் ஊதிக்கொண்டு வந்தது. நோஞ்சானாகக் கிடந்த பிள்ளை இப்போதுதான் தேறியிருக்கிறது என்று அப்பா உன்னை அறந்தாங்கி ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வீடு திரும்பியதும் திருஷ்டி சுற்றினார்கள். முகம் தானாக வடிந்தது. எல்லோரும் மறந்துவிட்டோம்.

உனக்கு டயாலிசிஸ் நடந்தபோது டாக்டர் கேட்டார், சிறுவயதில் முகம் வீங்கியதுண்டா என்று. நான் ஸ்டுடியோ கதையைச் சொன்னேன். சிரங்குக் கிருமி சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும், உன் சிறுநீரகம் கெட்டதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நீயோ, "அந்தப் போட்டோலதாண்ணே நான் அழகு" என்று சிரித்தாய்.

செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டு மூணு நாளா ஒண்ணுக்கு வரக்காப்பி கணக்காப் போகுது, பெரியப்பா. ஒடம்புச் சூடுன்னு சொன்னாங்க" என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

ராக்காயி வாசலை மறித்துக்கொண்டாள். "வந்தவள ஊசி போட்டு வெரட்டவா போற, முருகேசா?"

அவன் அசையவில்லை. தாய் திரும்பி வந்திருக்கிறாள் என்று நம்பும் மகனிடம் நான் என்ன சொல்ல?

"ஒங்கம்மா மொகம் இது இல்லடா. கன்னம் ஒட்டி, எலும்பு தெரியுற மொகம் அவளுக்கு. இது அவளோட வியாதி."

அவன் படத்தைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். அவன் முடிவெடுக்கும்வரை செல்வி காத்திருக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராக்காயியை விலக்கி வெளியே நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

பிள்ளைக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது, சிறுநீரில் ரத்தம். புதுக்கோட்டையில் சேர்த்தோம். உப்பில்லாச் சாப்பாடு, தண்ணீர் அளந்து. ஒவ்வொரு காலையிலும் முகம் கொஞ்சம் வடிந்தது. கட்டில் பக்கத்தில் முருகேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மெல்லச் சொன்னான்: "அம்மா போய்க்கிட்டே இருக்காங்க மாமா."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் செல்வியின் மகள்தான் வீடு திரும்பினாள், கூரிய தாடையோடு. பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகத் தேறிவிடுவார்கள், சிலருக்கு மட்டும் பல வருஷம் கழித்துத் தொந்தரவு வரலாம் என்றார் டாக்டர். அதனால் பிரஷரும் சிறுநீரும் விடாமல் சோதிக்க வேண்டும், சிரங்கு கண்டால் உடனே மருந்து கொடுக்க வேண்டும். ராக்காயி என்னோடு பேசுவதில்லை. வந்த அண்ணியை நான் விரட்டிவிட்டேனாம்.

அவள் சொல்வது பொய் என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை, சரசு. அந்த முகம் எதிரே வந்து உட்காராவிட்டால் நான் அந்தக் கால்களைப் பார்த்திருப்பேனா? வெறும் வீக்கம்தானா அது? இல்லை, நோயைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்தாயா?

எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் நடமாடும்வரை உன் பேத்தியைச் சோதனைக்குக் கூட்டிப்போவேன். எனக்குப் பிறகு செல்வி பார்த்துக்கொள்வாள், அவளுக்கு எல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகத்தில் நீ மறுபடி வந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், மறுபடியும் உன்னை அனுப்பித்தான் வைப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்னை வழியனுப்பிய,
உன் அண்ணன்