வழுக்குகிற சூப்

மார்ச் 3

அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்க நாரே எட்டினாள். அவ்வளவுதான். முதுகில் இன்னொரு எலும்பு நொறுங்கியிருக்கிறதாம். ஒரு வருடத்தில் இது மூன்றாவது. "பிள்ளைக்கு ஏழு வயசு, முதுகெலும்புக்கு எழுபது" என்றார் டாக்டர் பியோ. எலும்பை உறுதியாக்கும் மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டுமாம். கிழவிகளுக்குக் கொடுக்கிற மருந்து. என் பிள்ளைக்கா? கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 5

படுக்கையில் திரும்பக்கூட என்னைக் கூப்பிடுகிறாள். போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 10

12ஆம் தேதி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவள் பிறந்தநாளும் அன்றுதான்.

"கடற்பாசி சூப் வேணும்மா. எல்லார் வீட்லயும் பிறந்தநாளுக்குத் தர்றாங்க."

மாட்டேன் என்றேன். வழவழவென்ற அதைப் பரீட்சைக்குப் போகிறவர்களே தொடமாட்டார்கள். நம் கொரியப் பேச்சில் வழுக்குவதற்கும் பரீட்சையில் தோற்பதற்கும் ஒரே சொல். விழுந்தால் உடைகிற பிள்ளைக்கு அதை எப்படி ஊற்றுவேன்? அவளுக்கு முதல் எலும்பு உடைந்ததிலிருந்து, மூன்று வருடமாக வீட்டில் அந்த வாசமே கிடையாது. அவள் அப்பா தொக்சுவுக்குச் சிரிப்பு. "நாரே அம்மா, பரீட்சை அவளுக்கா, உனக்கா?"

சிரிக்கட்டும்.

மார்ச் 12

ஆஸ்பத்திரித் தட்டில், பிறந்தநாளுக்கென்று அதே சூப்! மூடித் திருப்பி அனுப்பினேன். "அது என்னம்மா பாவம் செஞ்சுச்சு?" என்று அழுதாள். ஊசி குத்தியபோதுகூட அழாதவள்.

மார்ச் 13

காய்ச்சல். முப்பத்தொன்பது. உடம்பெல்லாம் வலிக்கிறது என்கிறாள். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! பெரியவங்க மருந்தை இந்தப் பிஞ்சு உடம்புல — நானே கையெழுத்துப் போட்டு —

"முதல் தடவை இப்படித்தான் வரும், ரெண்டு நாள்ல இறங்கிடும்" என்றாள் நர்ஸ். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 15

இறங்கிவிட்டது.

ஜூன் 11

இரண்டாவது முறை. காய்ச்சல் இல்லை. தானாகவே திரும்பிப் படுக்கிறாள். இன்னும் கூப்பிடுவாளோ என்று காத்திருப்பது நான்தான்.

செப்டம்பர் 9

எலும்பு முன்னைவிட அடர்ந்திருக்கிறதாம்.

"ஓடலாமா?" என்று நாரே கேட்டாள்.

"நடக்கலாம்" என்றார் டாக்டர்.

"நடக்கலாம்னா, மெதுவா" என்றேன் நான். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள்.

டிசம்பர் 8

பள்ளி வாசலில் உறைபனி. நாரே விழுந்துவிட்டாள் என்று போன் வந்ததும் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த அரை மணி நேரம் நான் உட்காரவில்லை. ஒன்றும் உடையவில்லை. முழங்காலில் நீலமாக ஒரு கன்றல், அவ்வளவுதான்.

"நான் நல்லா வழுக்கிட்டேன்!" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள், பரிசு வாங்கியவள் மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் கடற்பாசியை ஊறப்போட்டேன்.

"பிறந்தநாளுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே?" என்றார் தொக்சு.

இருக்கட்டும்.