டீ வேண்டாம் என்று சொன்ன ஈனிட்

அன்புள்ள வில்ஃப்,

இங்கே எல்லோரும் சுகம், என் வலது மணிக்கட்டைத் தவிர. பனியில் வழுக்கி விழுந்து கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஈனிட் எழுதுகிறாள். ஆஸ்திரேலிய வெயிலில் நீ தொப்பி இல்லாமல் திரியாதே.

ஈனிட்டை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல் என்று எழுதியிருந்தாய். நடந்ததை முழுதாகக் கேள். கொத்தனார் கிளெம்மிடம் கல்லடுக்கிச் சுவர் கட்டும் வேலைக்குப் போகிறாளே, போன மாதம் அது மிசஸ் ஹார்கர் பண்ணையில். அந்த அம்மாள் முன்னறையில் நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து இவளை டீக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அந்நியர் முன்னால் இவளுக்கு எதுவும் தொண்டையில் இறங்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்த் தன் ரொட்டியைத் தின்றிருக்கிறாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் எல்லார் காதிலும் விழும்படி, "அந்தப் பொண்ணு ரொம்ப ரூட், மரியாதையே தெரியல, வளர்த்த லட்சணம் அப்படி" என்றாள் அந்த அம்மாள். நான் விடுவேனா? "செதுக்காத கல்லையும் ரூட்னுதான் சொல்றோம், உன் சுவரே அதுலதான் நிக்குது. நோய் அண்டாத உடம்புக்கும் அந்தச் சொல்தான், தூங்குறவங்களைத் திடுக்குனு உலுக்கி எழுப்பினாலும் அதேதான். எம்பொண்ணு எல்லாமாவும் இருக்கட்டும், உனக்கென்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். உன் அப்பா என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

மன்னிப்புக் கேட்கும்வரை வராதே என்று கிளெம் இவளை நிறுத்திவிட்டான். உன் கடிதத்தைப் படித்தபின் நேற்று இவளே ஹார்கர் வீட்டுக்குப் போனாள். முட்டிக்கொண்ட ஆட்டுக்குட்டியிடமும் மன்னிப்புக் கேட்கிறவள் ஆயிற்றே, கேட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்ததும், "கூப்பிட்டதுக்கு நன்றிங்க. ஆனா வேண்டாம்னு சொன்னது தப்பில்லை. மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்றாளாம். இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள், எழுதுடி என்று அதட்டினேன். வேலை போய்விட்டது, இனிக் கிளெம் சேர்க்க மாட்டான். போகட்டும். பணிந்து போ என்று இனி இவளுக்கு எழுதாதே, எழுதினால் படிக்காமல் அடுப்பில் போடுவேன்.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
ஐவி

அண்ணா, இது அம்மா சொல்லி எழுதுவதல்ல. திங்கட்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கப் பண்ணையில் நானே போய், வாயைத் திறந்து, வேலை கேட்கப் போகிறேன். அங்கேயும் டீ கொடுத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஈனிட்.