மறுபடியும் வெட்டிவேர்

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் நல்ல காற்று வரட்டும். இங்கே வீட்டில் மறுபடியும் வெட்டிவேர் வாசனை அடிக்கிறது. வருகிறவர்கள் 'என்ன வாசம்!' என்று வாசலிலேயே நின்று மோந்து பார்க்கிறார்கள். நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறேன்.

நீங்கள் போன பிறகு பூட்டிக் கிடந்த உங்கள் அறையை அண்ணன் திறந்துவிட்டார். இந்தக் கோடையில் உங்கள் மகள் ஜெயமணிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, நெற்றியில் கட்டி. தகப்பன் மனசு பொறுக்குமா? கடல்பக்க ஜன்னலுக்குப் புது வெட்டிவேர்த் தட்டி வாங்கி மாட்டிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு மேசை விசிறியும் வைத்திருக்கிறார். யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்தது. சுற்றும்போது யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி இருக்கிறது.

கப்பல் கம்பெனிக்குப் புறப்படும் முன் தட்டியை நனைக்கிறார், சாப்பிட வரும்போது நனைக்கிறார். குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாதாம். மேற்கு ஜன்னலை அடைத்து, இடுக்கெல்லாம் துணி திணித்தாயிற்று. குண்டு போட வருகிறவனுக்கு விளக்கு தெரியக் கூடாதென்று ஒட்டிய கறுப்புத்தாள் வேறு. உள்ளே போனால் மத்தியானத்தில்கூட முகம் தெரிவதில்லை.

"இந்த விசிறி அன்னைக்கு இருந்திருந்தா ஒம் மதினி பொழைச்சிருப்பா எஸ்தரு" என்கிறார்.

உங்களுக்குக் குளிர்ச்சி போதவில்லை, அதனால்தான் மூச்சு நின்றது என்று இன்னமும் நம்புகிறார், மதினி.

எங்கள் சாத்தான்குளத்து வீட்டில் ஈரத் தட்டி வழியாக மேல்காற்று வந்தால் பற்கள் கிட்டித்துப் போகும். அது காய்ந்த காற்று. கல்யாணமாகி இந்தத் தூத்துக்குடிக்கு வந்த கையோடு அண்ணன் அதே தட்டியை இங்கேயும் மாட்டினார். இந்த ஊரில் பிறந்தவர் நீங்கள். முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்: "கடக்காத்து நனைஞ்சுதான வருது, அதைப் போயி எதுக்கு மறுபடி நனைக்கிய?" அண்ணனும் சிரித்தார். ஆனால் தட்டியைக் கழற்றவில்லை. பிறந்த ஊர்ப் பெருமை அவ்வளவு லேசில் போகுமா?

பிறகு சுவரில் கரும்புள்ளி விழுந்தது. தலையணை பிசுபிசுத்தது. ஞானப்பாட்டுப் புத்தகத்தின் அட்டை உப்பிக்கொண்டது. உங்களுக்கு மூச்சு இளைப்பு வந்தது. நீங்கள் இளைக்க இளைக்க, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவு ஆசை உங்கள்மேல்.

அவர் ஆபீஸ் போனதும் என்னைக் கூப்பிடுவீர்கள். "ஏளா, மேக்கு ஜன்னலைக் கொஞ்சம் தெற. ஒங்க அண்ணன் வாரதுக்குள்ள மூடிரு, பாத்தா மனசு வருத்தப்படுவாவ." நானும் திறப்பேன், மூடுவேன். அவர் சைக்கிள் மணிக்கு நாம் இரண்டு பேரும் எப்படிப் பயந்தோம்! கோபப்படுவார் என்றா பயந்தோம்? அவர் முகம் வாடிவிடுமே என்றுதான்.

இப்போது சேதிக்கு வருகிறேன். ஜெயமணிக்கு வேர்க்குரு தணிந்துவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும், மதினி. டாக்டர் கொடுத்த மருந்து தீரப்போகிறது, இளைப்பு குறையவில்லை. பழைய கரும்புள்ளிக்கு மேலே அடித்த வெள்ளையையும் மீறி, அவள் தலைமாட்டுச் சுவரில் புள்ளி திரும்ப வந்திருக்கிறது. நேற்றைவிட இன்று பெரிதாகத் தெரிகிறது.

சாத்தான்குளத்துக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பாதித் தெரு அப்படித்தான் உள்நாட்டுப் பக்கம் போய்விட்டது. "இவளையும் அனுப்பிட்டு நான் யாரைப் பாக்க?" என்று கேட்டுவிட்டு விசிறியை இன்னும் கொஞ்சம் பிள்ளையின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஈரம்தான் பிள்ளையை வாட்டுகிறது என்று சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். அதைச் சொன்னால், உங்களை வாட்டியதும் அதுதான் என்று சொன்னதாகிவிடும். அந்தத் தண்ணீரை யார் ஊற்றியது என்று அவரே நினைத்துப் பார்ப்பார். பிறகு அந்த மனுஷர் எப்படி எழுந்து நடமாடுவார்? அந்தப் பயத்தில்தான் இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் போனதும் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஜெயமணி எழுந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அத்தை, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தெறங்க. அப்பா வாரதுக்குள்ள மூடிருங்க. அப்பா பாவம்."

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மதினி. நீங்கள் போகும்போது அவள் கைக்குழந்தை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

தட்டியைக் கழற்றிக் கொல்லைப்புறம் போட்டாயிற்று. தூக்கும்போது அதன் பின்பக்கத்திலிருந்து கறுப்பாகக் கையில் அப்பியது. மேற்கு ஜன்னலில் துணியைப் பிடுங்கினேன், கறுப்புத்தாளைக் கிழித்தேன். விளக்கு தெரிகிறதா என்று பார்க்க வருகிற வார்டன் சத்தம் போட்டால் போடட்டும், ராத்திரிக்கு விளக்கேற்றாமல் இருந்துகொள்கிறோம். உங்கள் மகள் என் மடியில் சாய்ந்திருக்கிறாள். இன்னும் இளைக்கிறது. விடியும்போது எப்படி இருப்பாளோ தெரியவில்லை.

துறைமுகத்தில் சங்கு ஊதிவிட்டது. அண்ணன் புறப்பட்டிருப்பார். வந்ததும் தட்டி எங்கே என்றுதான் கேட்பார். எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், நீங்கள் என்னிடம் திறக்கச் சொன்னதையும் சேர்த்து. அவர் உடைந்துபோனால் நான் பக்கத்தில் இருக்கிறேன்.

இதோ, தெருமுனையில் சைக்கிள் மணிச்சத்தம். ஜெயமணி என் கையைப் பிடித்து ஜன்னலைக் காட்டுகிறாள், மூடச் சொல்லி.

மூட மாட்டேன், மதினி.

உங்கள் நாத்தனார்,
ஜெயமணியின் அத்தை,
எஸ்தர்