உன் அத்தை எடுத்த பிளேடு

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், நீ நலமா என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கேட்கவில்லை, உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துகொண்டே கேட்டால் அது சும்மா பேச்சு. போனில் இதைப் பேச எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

பிசிஓஎஸ், சினைப்பையில் நீர்க்கட்டி என்று நீ அனுப்பிய செய்தியைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். அம்மாவுக்கும் மாதம் தள்ளிப் போகுமா, முகத்தில் முடி வளருமா, டாக்டர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். எனக்கு என்னம்மா தெரியும்? இருந்தவரைக்கும் இதையெல்லாம் அவள் என் காதில் போட்டதே இல்லை. அவள் படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பதில் சொல்லேன்டி என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், யார் வந்திருக்காங்க என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்றேன்.

பெண்களுக்குள் பேசியிருப்பார்களே என்று உன் அத்தைக்குப் போன் போட்டேன். அவளுக்கு ஒண்ணும் இல்லடா, எனக்குத்தான் இருந்துச்சு என்று அக்கா சிரிக்கிறாள். நான் சவரம் செய்யத் தொடங்கிய காலத்தில் டப்பாவில் வைக்கும் பிளேடு குறைந்துகொண்டே போகும். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் மகன்தான் திருடன் என்று அவனோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் திருடி உன் அத்தையாம்! குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மோவாயை மழித்திருக்கிறாள். மாதவிலக்கும் மாதக்கணக்கில் வராதாம், அப்போதிருந்த டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா என்றேன். யார்கிட்டடா சொல்றது என்றாள், சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே வீட்டில் வளர்ந்தவள், தனியாகவே கிடந்திருக்கிறாள் பாவி.

ஆக, அம்மா பக்கத்தைத் தேடாதே கண்ணு, இது என் பக்கம். எனக்குப் பிரஷர் பார்க்கும் டாக்டரம்மாவைக் கேட்டேன், அப்பா வழியாகவும் வரலாம், யார் தப்பும் இல்லை என்றார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, உனக்குக் கொடுக்க எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா? அத்தைக்குப் பின்னாளில் சர்க்கரையும் வந்தது, அதையும் உன் டாக்டரிடம் சொல். மாத்திரையை விட்டுவிடாதே, தினமும் நட, வேலை இருக்கிறது என்று வயிற்றைக் காயப் போடாதே.

இன்னொன்று. வீடியோவில் கூப்பிட்டால் கேமராவை மூடிவிட்டுத்தான் பேசுகிறாய். நெட் சரியில்லை என்றாய், நம்பினேன். அப்புறம் என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, என்ன தப்பு செய்தேன் என்று தனியாக உட்கார்ந்து யோசிப்பேன். கறுப்புத் திரையோடு பேசி முடித்தபின் இந்த வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். இப்போதுதான் புரிகிறது, அத்தை கதவைச் சாத்திக்கொண்ட மாதிரிதான் நீயும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை இங்கே வருகிறாள், இருவரும் உன்னை வீடியோவில் கூப்பிடுகிறோம். இன்னும் முடி வளருதுடா, இந்த வாரம் தொடாம அப்படியே வர்றேன், அவ பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள். நானும் சவரம் செய்யப் போவதில்லை. மூன்று மோவாயும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும்.

நீ நன்றாக இருப்பாய், நீண்ட நாள் இருப்பாய். கேமராவை மட்டும் திற, குட்டி. உன் முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

இப்படிக்கு,
அதே மோவாயுள்ள
உன் அப்பா