விட்டுப்போன ஓர் எழுத்து

பாகாலா,
ஞாயிறு மாலை

அன்புள்ள தாட்சாயணிக்கு,

உன் புருஷன் மோகன்ராஜ் எழுதுவது. இங்கே நானும் மாடும் நலம். வேலூர் ஆஸ்பத்திரிக் கஞ்சி உனக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் நம் பெண் நளினி சொல்லித்தான் தெரிகிறது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் செய்தால் நீ பதில் சொல்லப் பார்ப்பாய்; தொண்டையை அசைக்கவே கூடாது என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். அதனால் நாளை வேலூர் போகும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். நளினியைப் படிக்கச் சொல்லாதே. நீயே படி.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மண்டியிலிருந்து கூப்பிட்டு, கட்டி திரும்ப வந்துவிட்டதாமே, இனி என்னதான் செய்வது என்று கேட்டேன் அல்லவா? அந்தக் கூச்சலில் உன் கம்மிய குரலில் ஒரே வார்த்தைதான் கேட்டது: "அம்முகோ." திட்டுவது தமிழில், ஜபம் தெலுங்கில் என்பது உன் வழக்கம், இவள் எதற்குத் தெலுங்கில் விற்கச் சொல்கிறாள் என்று யோசித்தேன். சரி, வியாபாரத்தை முடித்துவிட்டுச் சீக்கிரம் வா என்கிறாள் என்று, ஷெட்டில் இருந்த பெங்களூரா மாங்காய் மொத்தத்தையும் அன்றே ஜூஸ் ஃபேக்டரிக்குத் தள்ளிவிட்டேன். மறுநாள் விலை ஏறியது. எதிர்க்கடை கங்கையா, "இன்னாண்ணா, உனக்கே வயசாயிப் போச்சா?" என்று சிரிக்கிறான்.

ஷெட் காலி. இன்று காலை செய்ய ஒன்றும் இல்லாமல், உன் காணிக்கைக் கவரைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று உன் சபைக்குப் போனேன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றவனை உன் சிநேகிதி பொன்னியம்மா பிடித்துக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அண்ணா, உன் காதுல யாபாரந்தான் உக்காந்துக்கினு கீது. அது அம்முகோ இல்ல, நம்முகோ! விக்கச் சொல்லல, தேவனை நம்பிக்கினு இருன்னு சொல்லிக்கீது." சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பட்டென்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு தடவை அழுகல் அனுப்பிய தோப்புக்காரனிடம் நான் மறுபடி வாங்குவதில்லை. போன வருஷம் அத்தனை ஜபம் செய்தாய்; தொண்டைக் கட்டிக்குக் கரண்ட் வைத்தார்கள், அதுதான் அந்த ரேடியேஷன், சரியானது. பத்தே மாதத்தில் திரும்பி வந்தது. நானாக இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். நீயோ முன்னைவிட நெருங்கிப் போகிறாய். எப்படி?

இன்னொன்றும் கவனித்தேன். முன்பெல்லாம் உன் ஜபம் ஆர்டர் கொடுப்பது மாதிரி இருக்கும்: நளினிக்கு வேலை கிடைக்க வேண்டும், எனக்குச் சுகர் குறைய வேண்டும், போர் மோட்டார் கெடக் கூடாது. போன மாதம் உன் குரல் மறுபடி கம்ம ஆரம்பித்த சமயம், சமையலறைப் பக்கம் வந்தபோது உன் ஜபம் காதில் விழுந்தது. "நீ சித்தம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் விருப்பம் போல என்று அர்த்தம், அவ்வளவு தெலுங்கு எனக்கும் தெரியும். பயமே இல்லையா என்றேன். "பயம் கீது. ஆனா தனியா இல்ல" என்றாய். அதை இன்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அறுத்துப் பார்க்காமல் ஒரு கூடை மாங்காய்கூட நான் வாங்கியதில்லை. புதன்கிழமை உன்னை அறுக்கப் போகிறார்கள். குரல் மிஞ்சுமா என்று கேட்டேன். முதலில் உயிரைப் பார்ப்போம் என்றார் டாக்டர். உனக்கு அதையும் சொல்லியிருப்பார்கள். நேற்று நீ சிரித்துக்கொண்டே கஞ்சி குடித்ததாக நளினி சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை யாரிடமும் பேசாதே, நளினியிடம்கூட. உன் தேவன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். உள்ளே கொண்டுபோகும் முன் அந்த ஒரு வார்த்தையை என் காதோரம் இன்னொரு தடவை சொல், தாட்சாயணி. இந்தத் தடவை முதல் எழுத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னுடைய,
மோகன்ராஜ்