ஏழா, மூன்றா

புதன்கிழமை, இரவு.

வீட்டிலிருந்தே செய்யும் டைப்பிங் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. விண்டோஸ் பதினொன்று ஓடும் கம்ப்யூட்டர் வேண்டும், இல்லாவிட்டால் வேறு பெண்ணை வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக இன்று அப்பாவோடு ஆலங்காயம் போய், பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில் பார்த்தோம்.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்றில் ஐ7 என்ற சிப், ரொம்பப் பழையது, விலை குறைவு. இன்னொன்றில் ரைசன் 3 என்ற சிப், கொஞ்சம் புதியது, விலை கூட.

"ஏழு பெருசா, மூணு பெருசா? நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தார்.

"இன்னா பாப்பா, ஏழுதானே?" என்றார் அப்பா.

என் டைப்பிங்குக்கு இரண்டின் வேகமும் போதும். ஆனால் அந்த ஐ7-இல் விண்டோஸ் பதினொன்று முறைப்படி ஏறாது, ரைசனில் ஏறும். எனக்கு அது தெரியும். கடையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலையாட்டிவிட்டேன். மாடு வாங்கும்போது செய்வதுபோல அப்பா கடைக்காரர் கைமேல் கையடித்து விலையை முடித்துவிட்டார். நாளை போய் எடுத்துவர வேண்டும்.

சாப்பிடும்போதுதான் சொன்னேன். அப்பா பிசைவதை நிறுத்தினார்.

"அத்த அங்கியே சொல்றதுக்கு இன்னா? நீ இன்னா ஊமையா?"

ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு சொன்னார்: "கையடிச்சவன் போய் மாத்திக் கேட்டா மானம் போய்டும். நீ கையடிக்கலியே. நாளைக்கு நீ வந்து கேளு."

அப்போதிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். அண்ணா, ஏழு வேணாம், ரைசனைக் குடுங்க. சத்தமாகச் சொன்னால் 'அண்ணா' வரைக்கும்தான் வருகிறது.